கேமராவுக்கு அடியில்

அம்மா போய்ச் சேர்ந்து, ஊரில் வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு மகள் வெளிநாட்டுக்குத் திரும்பி வந்த பிறகும், அவளுடைய கைப்பேசி தினம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தது: ஹாலில் அசைவு தெரிகிறது.

வேலைக்கு நடுவில்தான் அது சிணுங்கும். கையில் மெழுகும் கத்தியுமாக இருப்பாள். கையுறையைக் கழற்றிப் போட்டு, மேலாளர் அந்தப் பக்கம் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, திறந்து பார்ப்பாள். பூட்டிய வீட்டின் ஹால். அம்மாவின் நாற்காலி. அணைந்த டிவி. ஜன்னல் இடுக்கில் புகுந்த காற்றுக்குத் திரைச்சீலை கொஞ்சம் ஆடியிருக்கும், இல்லாவிட்டால் சுவரில் பல்லி ஓடியிருக்கும். கேமராவுக்கு எல்லாம் அசைவுதான். மனுஷி செத்துவிட்டாள் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

"பூட்டின வீட்டுக்கு எதுக்குக் காவல்? அதை நிறுத்தித் தொலையேன்," என்று அவள் வீட்டுக்காரர் சொல்லாத நாள் இல்லை. நல்ல மனிதர். அவள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தால் அவரும் எழுந்து உட்காருகிறவர். "நிறுத்தறேன்" என்பாள். நிறுத்த மாட்டாள். கேமராவில் பதிவானதெல்லாம் ஒரு மாதம் வரைக்கும் இருக்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். அம்மா போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள்தான் இருந்தது. அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்க்காமல் அழியவிடவும் மனசு வரவில்லை. மாதம் முடியப்போகிறது என்று மட்டும் தெரியும்.

அவள் வேலை பார்த்தது பல் செட் செய்கிற லேபில். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், இவள் மெழுகில் வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கி அனுப்புவாள். டெக்னீஷியன்தான். ஆனாலும் அந்த ஊரிலிருந்த நம்மவர்கள் கூட்டத்தில் அவளுக்குப் பேர் பல் டாக்டர். பிள்ளைக்குப் பல் முளைத்தாலும் அவளைக் கேட்பார்கள், பெரியவருக்குப் பல் விழுந்தாலும் அவளைக் கேட்பார்கள். அவளும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆலோசனை சொல்லிவிடுவாள். யாருக்குத்தான் பிடிக்காது?

கேமரா விஷயத்திலும் அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டி அவள்தான்.

அப்பா இறந்ததும் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளத் தலைகீழாக நின்று பார்த்தாள். "உங்க ஊர்ல வந்து நான் என்ன பண்ணுவேன்? பூட்டின கதவுக்குள்ள ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று அம்மா மசியவில்லை. ஒரே பெண். வேறு வழியில்லாமல் போன லீவில் ஹாலில் ஒரு கேமராவை மாட்டினாள். சமையலறை வாசலுக்கு மேலே, உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசற்கதவு, நாற்காலி, டிவி, படுக்கையறைக் கதவு எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். கைப்பேசியில் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால் இவள் குரல் அந்தக் கேமரா வழியாக ஹாலில் கேட்கும். விரலை எடுத்தால் அங்கே நடப்பது இவளுக்குக் கேட்கும். அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராது, பதிவில் மட்டும் விழும். அந்த ஒரு குறைதான் அதில்.

அதே லீவில்தான் அம்மாவின் வாயில் அளவும் எடுத்தாள். டாக்டர் செய்ய வேண்டிய வேலையை, சமையலறையில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "ஆ காட்டும்மா, இன்னும் பெரிசா" என்று அவளே செய்தாள். திரும்பி வந்து, லேபில் வேலை முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து, இருப்பதிலேயே நல்ல பல்லாகப் பொறுக்கி அடுக்கி, ஊருக்குப் போன கணக்கர் கையில் கொடுத்தனுப்பினாள். கணக்கர் என்பவர் அவர்கள் கூட்டத்தில் எதற்கும் ஒரு மறுப்பு வைத்திருக்கிற ஆள். அவரே அதைப் பெட்டியில் சட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுபோனார்.

"எப்படிம்மா இருக்கு?"

"அச்சு வார்த்த மாதிரி இருக்கு. உன் கை தங்கக் கைடி."

எந்தப் பல் செட்டும் முதல் தடவையே ஒழுங்காக உட்காராது. போட்டுக்கொண்டவர் சில நாளில் திரும்பி வந்து இங்கே குத்துகிறது, அங்கே அழுத்துகிறது என்று சொல்ல வேண்டும். டாக்டர் அந்த இடத்தில் நீலக் குறி வைத்து அனுப்புவார், இவள் தேய்த்துக் கொடுப்பாள். தினம் இவள் மேசைக்கு வருவதில் பாதி நீலக் குறி வைத்ததுதான். அம்மாவுடைய செட் மட்டும் ஒரு குறியும் இல்லாமல் பொருந்திவிட்டதாம். அதை நம்பினாள். பெருமைக்குக் கண் கிடையாது. கேமராவில் அம்மா முத்துப் பல்லோடு சிரிக்கிற படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "என் கைவேலை" என்று எல்லாரிடமும் காட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸக்கா வீட்டில் கூடியிருந்தார்கள். நர்ஸக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், கூட்டத்தில் மூத்தவர். ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதோ கொண்டுவந்து, எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். விசா, வாடகை, பிள்ளைகள் தமிழ் பேச மாட்டேன் என்பது. இந்த மூன்றும் முடிந்ததும் ஊரில் தனியாக இருக்கிற அப்பா அம்மா.

"கேமரா வெச்சா கடமை முடிஞ்சிடுமா?" என்றார் கணக்கர். "பெத்தவங்களை நகைக்கடை மாதிரி கண்காணிக்கறீங்க."

"நீங்க வாரத்துக்கு ஒரு போன் பண்றீங்களே, அது மட்டும் ரொம்பக் கிழிச்சுதாக்கும்," என்றார் நர்ஸக்கா.

"நான் போன் பண்ணா அவங்க சொல்ல விரும்பறதைச் சொல்லுவாங்க. விரும்பாததைச் சொல்ல மாட்டாங்க. அது அவங்க உரிமை."

"உரிமையாம், உரிமை! விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்று அவள் பொங்கினாள். "நான் நெனச்ச நேரத்துல எங்கம்மாவைப் பாக்கறேன். இதோ, இப்பப் பாருங்க!"

கைப்பேசியைத் திறந்தாள். அங்கே சாயங்காலம். டிவி ஓடிக்கொண்டிருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, நாற்காலி காலி.

"எங்க ஆளைக் காணோம்?" என்றார் கணக்கர், விடுவேனா என்று.

"சமையக்கட்டுல இருப்பாங்க. எப்பப் பாத்தாலும் சமையக்கட்டுதான். பல்லு வந்ததும் வாய்க்கு ருசியா செஞ்சு சாப்பிடறாங்க போல." எல்லாரும் சிரித்தார்கள். அவள் பட்டனை அழுத்தினாள். "அம்மா! இங்க எல்லாரும் உன்னைப் பாக்கணுமாம். வா, வந்து சிரி!" அழுத்தியபடியே கைப்பேசியை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகக் கொண்டுபோனாள். "வணக்கம் சொல்லுங்க எல்லாரும்!" சொன்னார்கள். ஒருவர் பாட்டே பாடினார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அம்மா வரவில்லை. "கை வேலையா இருக்காங்க, விடு" என்று நர்ஸக்கா சொன்னார். அவளும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவி அசந்து படுத்ததில், படுக்கும் முன் பார்க்கிற வழக்கத்தை அன்றைக்கு மறந்துபோனாள். காலையில் பார்த்தபோது டிவி ஓடிக்கொண்டேயிருந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது. அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, மாற்றுச்சாவி போட்டுத் திறக்கச் சொன்னாள். அத்தை உள்ளே வருவதையும், இங்குமங்கும் பார்ப்பதையும், கேமராவை நோக்கி நடந்து வருவதையும், வாயைப் பொத்திக்கொள்வதையும் லேப் வாசலில் நின்றபடி பார்த்தாள். அம்மா மட்டும் கண்ணில் படவேயில்லை. அம்மா கிடந்தது கேமராவுக்கு நேர் கீழே.

டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது என்றார். விழுந்ததில் நின்றதா, நின்றதில் விழுந்தாரா என்றால் சொல்ல முடியாது. எந்த நேரம் என்றாலும் சரியாகச் சொல்ல முடியாது. சாயங்காலமாக இருக்கலாம், இருட்டிய பிறகாகவும் இருக்கலாம்.

எல்லாம் முடிந்து உறவு கலைந்த பிறகு அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். சமையலறை வாசலை ஒட்டி, சுவரோரம், கேமராவின் கண்ணுக்கு எட்டாத கொஞ்சம் தரை. அதில் ஒரு குடித்தனமே இருந்தது. குட்டை முக்காலி, முதுகுக்குத் தலையணை, வாரப் பத்திரிகைகள், கண்ணாடி, பிஸ்கட் டப்பா, டீ குடித்த தம்ளர். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய இன்னொரு சில்வர் தம்ளர். அம்மா சமையலறைக்குள் போகிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்த பொழுதெல்லாம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். டீயில் பிஸ்கட்டை ஊறவைத்து ஈறாலேயே மென்றுகொண்டு.

"வெளிய கெளம்பும்போதும், நாற்காலில போய் உக்காரும்போதும்தான் பல்லைப் போட்டுக்குவாங்க," என்றார் அத்தை. "மத்த நேரம் அந்தத் தம்ளர்லதான் கெடக்கும். ஏன்க்கா கஷ்டப்படறீங்க, பொண்ணுகிட்ட சொல்லுங்களேன்னு சொன்னா கேக்கமாட்டாங்க. பாவம் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு செஞ்சிருக்கா, அவ மனசு சங்கடப்படும்பாங்க. கெடந்தப்போ கீழ்ப்பல்லு கையில இருந்துச்சு. மேல்பல்லு தம்ளர்லயே இருந்துச்சு."

அவள் செட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். உள்பக்கம் நகம் தேய்க்கிற அரத்தால் யாரோ சொரசொரவென்று தேய்த்திருந்தார்கள். யாரோ என்ன, அம்மாதான். தேய்த்த இடம் சரியான இடம்கூட இல்லை. குத்துவது ஓரிடம், தேய்க்க வேண்டியது வேறிடம். அது தெரிந்தவள் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, யார் யாருக்கோ தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அழுத மாதிரி அவள் பிணத்தைப் பார்த்தபோதுகூட அழவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒன்று பாக்கியிருந்தது. அதுதான் அவளை அரித்தது. நாம் கூப்பிட்டபோது அம்மாவுக்கு உயிர் இருந்ததா? அம்மா அடியில் செத்துக் கிடக்க, மேலே நாம் பாட்டுப் பாடிச் சிரித்தோமா? இல்லை, குற்றுயிராகக் கிடந்து அந்தச் சிரிப்பைக் கேட்டாளா? லேபில் யாராவது ஒரு செட்டைக் கிண்ணத்தில் போட்டால், அந்தக் 'கிளிங்' சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவோ என்று திரும்பிப் பார்ப்பாள், இருக்க மாட்டாள். பாத்ரூமில் பல் துலக்கும்போது கண்ணாடியில் தன் வாயைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பதிவு அழிய இருந்த அந்த ஒரு மாதக் கெடுவின் கடைசி நாள், சாப்பாட்டு இடைவேளையில், கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தாள்.

காலி ஹால். டிவியில் யாரோ யாருக்கோ சவால் விடுகிறார்கள். கேமராவுக்கு அடியிலிருந்து பத்திரிகையைப் புரட்டுகிற சத்தம். உயிர் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

அப்புறம் அவளுடைய குரலே ஹாலில் அலறியது. "அம்மா! இங்க எல்லாரும் உன்னைப் பாக்கணுமாம். வா, வந்து சிரி!"

பத்திரிகை கீழே விழுந்தது. "அய்யோ… தோ, தோ வர்றேன்," என்றாள் அம்மா. பல் இல்லாத வாய், சொல்லெல்லாம் காற்றாக வந்தது. "எல்லாரும் இருக்காங்களா… இருடி கண்ணு, பல்லைப் போட்டுக்கறேன்…" தம்ளரில் 'கிளிங்' என்றது. முக்காலி தரையில் கிறீச்சிட்டது. மேலே கேமராவிலிருந்து ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். அவசரமாக எழுந்திருக்கிற மூச்சுச் சத்தம். "இருடி, இதோ…" பிறகு பாரமான ஏதோ ஒன்று விழுந்த சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நெடுநேரம் ஹாலில் கேட்டது.

அவள் விரல் அந்த நேரம் முழுக்கப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

பிணத்தை அழைக்கவில்லை, குற்றுயிரை அழைக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவளை அழைத்தாள். அழைத்ததால் விழுந்தாள். எதற்குப் பயந்தாளோ அது தேவலை என்றாகிவிட்டது. இடைவேளை முடிந்து உள்ளே போய்ச் சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தாள். என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதிவைச் சேமித்து வைக்கவில்லை. மறுநாள் அது தானாக அழிந்துபோனது. அழிந்து என்ன? காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்காரரிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டம் டிரைவர் தம்பி வீட்டில். பஸ் ஓட்டுகிறவன், கூட்டத்தில் சின்னவன். அவளை வாய் நிறைய அக்கா என்பான், அவள் சொல்லித்தான் அவனும் தன் அப்பாவுக்குக் கேமரா வைத்திருந்தான். "நாலு பேரோட இருந்தா ஆறுதலா இருக்கும்" என்று வீட்டுக்காரர்தான் அவளை வற்புறுத்தி அழைத்துப்போனார். கொஞ்ச நேரம் எல்லாரும் அவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். ஆனால் வாயை எத்தனை நேரம் கட்டிவைக்க முடியும்? கணக்கர் ஆரம்பித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. ஆனா அன்னிக்கு நாம பன்னெண்டு கண்ணால பாத்தோம். என்ன தெரிஞ்சுது?"

"சும்மா இருங்க," என்று நர்ஸக்கா அதட்டினார்.

டிரைவர் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய்க் கைப்பேசியைத் திறந்தான். அவன் அப்பாவின் ஹால். நாற்காலி காலி.

"எங்க போனாரு?" என்றான். விரல் பட்டனுக்குப் போயிற்று. "அப்…"

"விரலை எடு!" அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கூப்பிடாத!"

"அக்கா, அவரைக் காணோம்க்கா…"

"கூப்பிட்டா ஓடி வருவாருடா! அவங்கல்லாம் ஓடித்தான் வருவாங்க! எங்கம்மா ஓடித்தான் வந்தா!"

அவள் சொன்னாள். முக்காலி, பத்திரிகை, தம்ளர், இருடி கண்ணு, பாட்டு, சிரிப்பு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். பாட்டுப் பாடியவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். எப்போதும் ஒரு மறுப்பு வைத்திருக்கிற கணக்கர், "அந்தப் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே," என்று மட்டும் சொன்னார்.

கைப்பேசி டிரைவர் தம்பி கையில் திறந்தபடியே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் குனிந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து உள்ளறைக் கதவு திறந்தது. பெரியவர் வெளியே எட்டிப் பார்த்தார். இடுப்பில் பழைய துண்டு, மேலே வெறும் உடம்பு, விலா எலும்பை எண்ணிவிடலாம். கேமராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ மறந்தவர் போலச் சட்டென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது தலை படிய வாரியிருந்தது. மடிப்புக் கலையாத சட்டை, பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார், ஒன்று மாறிப் போயிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்து வைத்தார்.

"எப்பப் பாத்தாலும் இஸ்திரி சட்டைதான்," என்றான் தம்பி. "அப்பா நல்லா இருக்காரு, ஜம்முனு இருக்காருன்னு நெனச்சேன்க்கா." விசும்பி அழுதான். நர்ஸக்கா தன் கைப்பேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அப்போதுதான் அவளுடைய பைக்குள் கைப்பேசி சிணுங்கியது. எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஹாலில் அசைவு தெரிகிறது.

அவள் எடுத்துத் திறந்தாள். பூட்டிய ஹால், நாற்காலி, டிவி. திரைச்சீலை ஆடவில்லை. சுவரில் பல்லி இல்லை. "வேணாம்மா, குடு," என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அம்மா போன பிறகு முதல் தடவையாகப் பட்டனை அழுத்தினாள்.

"மெதுவா வாம்மா," என்றாள். "ஒண்ணும் அவசரம் இல்ல. பல்லெல்லாம் வேணாம், அப்படியே வா."

சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் கேட்பதற்காக விரலை எடுத்தாள்.